ஐயா, அந்த நோட்டுப் புத்தகம் வைஃபையைக் காப்பாற்றாது

வாசகர் கேள்வி: "தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில், வரிசை வீட்டில் இருக்கிறோம். வெளியாட்கள் எங்கள் வைஃபையைப் பயன்படுத்தக்கூடாது என்று, பக்கத்து வீட்டுப் பையன் சொன்னபடி ரவுட்டரில் மேக் முகவரிப் பட்டியல் போட்டேன். வீட்டுக் கருவிகளின் எண்களை எல்லாம் நோட்டில் எழுதி, அவற்றை மட்டும் அனுமதித்திருக்கிறேன். பாஸ்வர்ட் எங்கள் பழைய வீட்டு ஃபோன் நம்பர்தான். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். பட்டியல்தான் இருக்கிறதே என்று மாற்றவில்லை. ஈப்போவிலிருந்து சனி, ஞாயிறு வரும் பேரனின் ஃபோனை மட்டும் அது அடிக்கடி ஏற்க மாட்டேன் என்கிறது. அவன் பெயரில் மூன்று எண் எழுதியாகிவிட்டது. பட்டியலில் எஸ்பிரெசிஃப் என்று ஒரு பெயர் வேறு இருக்கிறது, யாரென்று தெரியவில்லை. இரவில் லைனும் மெதுவாகிறது. யாராவது உள்ளே வருகிறார்களா? நாளைக்கு ஏதாவது வில்லங்கம் என்றால் என் நோட்டு சாட்சிக்கு ஆகுமா?"

ஐயா, வணக்கம். கடிதத்தோடு நோட்டின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். சிவப்பு மையில் கோடு போட்டு, கருவியின் பெயர், எண், சேர்த்த தேதி, கடைசியில் "ஆள் யார்" என்று ஒரு கட்டம். வைஃபை போடப் போகிற வீடுகளில் பாஸ்வர்டைக் காலண்டரின் பின்பக்கம் கிறுக்கி வைத்திருப்பதைத்தான் பார்த்துப் பழக்கம், இப்படி ஒரு ரிக்கார்டு வைத்திருப்பவரைப் பார்ப்பது அபூர்வம். அதனால் சொல்லவே கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பட்டியல் உங்கள் வைஃபைக்குக் கொடுக்கிற பாதுகாப்பு ரொம்பக் கொஞ்சம். அதை நம்பி ஃபோன் நம்பரை பாஸ்வர்டாக விட்டு வைத்திருப்பதுதான் உண்மையான ஆபத்து.

மேக் முகவரி என்பது ஒரு வைஃபைக் கருவி தன்னை அடையாளம் காட்டுகிற 48 பிட் எண். அதைப் பன்னிரண்டு எழுத்தாக எழுதுவார்கள், 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் கலந்து, இரண்டிரண்டாகப் பிரித்து, நடுவில் முக்காற்புள்ளி (:) வைத்து, உங்கள் நோட்டில் இருக்கிற மாதிரியே. முதல் பாதி, அந்த வைஃபை சிப்பையோ கருவியையோ செய்த நிறுவனத்துக்கு ஐ.ட்ரிபிள்.இ என்ற அமைப்பு ஒதுக்கிக் கொடுத்தது. பின் பாதியை நிறுவனமே கருவிக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளும். ஒரு ஒதுக்கீட்டுக்குள் ஒரு கோடியே 67 லட்சம் சொச்சம் எண் அடங்கும். தொழிற்சாலையிலேயே பதிந்து வருகிற எண் என்பதால் அது மாறாது, ஒருவர் எண்ணை இன்னொருவர் போட முடியாது என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனும் அதை நம்பித்தான் சொல்லியிருப்பான், பாவம், அவனைக் குறை சொல்ல வேண்டாம்.

நிலைமை வேறு. பெரட்டுக் களத்தை நினைத்துப் பாருங்கள். விடிகாலை இருட்டு, நீங்கள் செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறீர்கள், கூட்டத்திலிருந்து "இருக்கேங்க" என்று குரல் வருகிறது, பேர் போடுகிறீர்கள். உங்களுக்கு ஆளைத் தெரியும், குரலைத் தெரியும், அதனால் ஒருவர் பேரில் இன்னொருவர் குரல் கொடுத்தால் அங்கேயே பிடித்துவிடுவீர்கள். ரவுட்டருக்கு முகமும் தெரியாது, குரலும் தெரியாது. வருகிற கருவி எந்த எண்ணைச் சொல்கிறதோ அதை அப்படியே நம்பிப் பட்டியலில் ஒப்பிட்டுப் பார்க்கும், அவ்வளவுதான். போதாததற்கு, அந்தப் பெயர்களை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகத்தான் கூப்பிட்டாக வேண்டும்.

சத்தமாக என்று ஏன் சொல்கிறேன் என்றால், வைஃபையில் தரவு சின்னச் சின்னத் துண்டுகளாகக் காற்றில் போகிறது. ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் அனுப்புகிற கருவியின் மேக் முகவரியும் வாங்குகிற கருவியின் மேக் முகவரியும் இருக்கும். பாஸ்வர்ட் போட்ட வைஃபையில் உள்ளே இருக்கிற சமாச்சாரம் மறைகுறியாக்கப்பட்டிருக்கும், தலைப்பு மட்டும் திறந்தேதான் இருக்கும். அப்படி இருந்தால்தான் எந்தத் துண்டு தனக்கு, எது அடுத்தவருக்கு என்று கருவிகள் பிரித்துப் பார்க்க முடியும். வைஃபையைப் பூட்டுகிற முறை டபிள்யூ.பி.ஏ. 2 ஆனாலும் சரி, 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 3 ஆனாலும் சரி, இதில் மாற்றம் இல்லை. ஆகவே உங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, வைஃபை அட்டையை வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும் நிலையில் விட்டால், உங்கள் ரவுட்டரின் முகவரியும் அதோடு பேசுகிற ஒவ்வொரு கருவியின் முகவரியும் திரையில் வரிசையாக வந்து விழும். இதற்கு பாஸ்வர்டே தேவையில்லை. நோட்டில் நீங்கள் கஷ்டப்பட்டு எழுதிய அதே பட்டியல்தான், கோடு மட்டும் இருக்காது.

அதில் ஒன்றைத் தன் கருவிக்குப் போட்டுக்கொள்வதும் பெரிய வித்தை இல்லை. தொழிற்சாலையில் பதித்த எண் சிப்பிலேயே இருக்கும், ஆனால் காற்றில் எந்த எண்ணைச் சொல்வது என்பதைத் தீர்மானிப்பது மென்பொருள். பல லேப்டாப்புகளில் வைஃபை அட்டையின் அமைப்புக்குள் போனால் அதற்கென்று ஒரு கட்டமே இருக்கிறது, லினக்ஸில் ஓரிரு வரிக் கட்டளை. ஒரே எண்ணில் இரண்டு கருவி ஒரே நேரத்தில் இருந்தால் இரண்டுக்குமே லைன் தடுமாறும், அதனால் விஷயம் தெரிந்தவன் உங்கள் ஃபோன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்ப்பான். நீங்கள் கோயிலுக்குப் போயிருக்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் எண் சும்மாதானே இருக்கிறது.

சரி, இத்தனை செய்தும் அவனுக்கு பாஸ்வர்ட் வேண்டும். ஃபோன் ரவுட்டரில் சேரும்போது இரண்டும் ஒன்றுக்கொன்று நான்கு செய்திகள் பரிமாறிக்கொள்ளும். அப்போது பாஸ்வர்டிலிருந்து வரும் சாவி, இரண்டு பக்கமும் அந்த நேரத்தில் உருவாக்குகிற ஒவ்வொரு தற்செயல் எண், இரண்டு பக்கத்து மேக் முகவரிகள் எல்லாவற்றையும் கலந்து அந்தத் தொடர்புக்கான சாவியை உண்டாக்கிக்கொள்ளும். கவனியுங்கள், மேக் முகவரிக்கும் அதில் வேலை இருக்கிறது, ஆனால் அதை ஊரே பார்க்கலாம். காற்றில் எங்குமே போகாத ஒரே சரக்கு பாஸ்வர்ட்தான். ஆக பாஸ்வர்ட் வலுவாக இருந்தால் பட்டியல் இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது, பாஸ்வர்ட் லேசாக இருந்தால் பட்டியல் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இப்போது உங்கள் பாஸ்வர்டுக்கு வருவோம். பேராக் வீட்டு ஃபோன் என்றால் 05, அதற்குப் பின்னால் ஏழு இலக்கம். முன்னால் இருப்பது எல்லாருக்கும் தெரிந்தது, மீதி ஏழு இலக்கத்துக்கு மொத்தமே ஒரு கோடி சாத்தியம். நான் சொன்ன அந்த நான்கு செய்திப் பரிமாற்றத்தை ஒருவன் ஒரே ஒரு தடவை பதிவு செய்துவிட்டால் போதும், அப்புறம் உங்கள் வீட்டுப் பக்கமே வரத் தேவையில்லை. தன் வீட்டுக் கணினியில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டு ஒத்துப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். இதைச் சிரமமாக்கத்தான் டபிள்யூ.பி.ஏ. 2-வில் ஒவ்வொரு பாஸ்வர்டையும் 4,096 தடவை அரைத்து எடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அப்படி இருந்தும், பையன்கள் கேம் விளையாட வாங்குகிற நல்ல கிராஃபிக்ஸ் அட்டை வினாடிக்குச் சில லட்சம் பாஸ்வர்டைச் சோதித்துவிடும். ஒரு கோடியை மூன்று லட்சத்தால் வகுத்துப் பாருங்கள், கணக்கு உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அரை நிமிஷம் சொச்சம். கைப்பேசி எண்ணாக இருந்தாலும், எல்லா முன்னெண்ணையும் சேர்த்துப் பார்த்தால்கூட, ஒரு தேத்தாரே குடித்து முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். டபிள்யூ.பி.ஏ. 3-இல் இப்படிப் பதிவு செய்துகொண்டு போய் வீட்டில் உட்கார்ந்து ஊகிக்க வழியில்லை, அதனால் ரவுட்டரில் அந்த வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். பழைய கருவி சேரவில்லை என்றால் 2-உம் 3-உம் கலந்த அமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் கலந்து வைத்தால் 2-இல் சேர்கிற கருவிகளின் வழியாகப் பழைய பலவீனம் இருக்கத்தான் செய்யும், அப்போது பாஸ்வர்டின் நீளத்தைத்தான் நம்ப வேண்டும்.

நீளம் என்றதும் வாயில் நுழையாத குறியீடாக யோசிக்காதீர்கள். 8 முதல் 63 எழுத்து வரை வைக்கலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐந்து தமிழ்ச் சொல்லை எடுத்து, ரோமன் எழுத்தில் சேர்த்து எழுதி, நடுவில் எங்காவது ஒரு எண்ணைச் செருகுங்கள். பழமொழி, குறள், சினிமாப் பாட்டு வரி எதுவும் வேண்டாம், அதெல்லாம் ஊகிக்கிறவனுக்கும் தெரியும். பேரன் பேத்தி பெயரும் பிறந்த வருஷமும் கண்டிப்பாக வேண்டாம். நோட்டில் எழுதி வையுங்கள், தாராளமாக. நோட்டு உங்கள் அலமாரியில் இருக்கும்வரை அதனால் ஆபத்தில்லை.

பேரன் ஃபோன் விவகாரம் திருட்டு இல்லை. படத்தில் அவன் பெயரில் உள்ள மூன்று எண்ணையும் பார்த்தேன். முதல் எண்ணை ஃபோனின் அமைப்பில் "இந்தக் கருவியைப் பற்றி" என்ற இடத்திலிருந்து எழுதியிருப்பீர்கள், அது தொழிற்சாலை எண். ஆனால் இன்றைய ஃபோன்கள் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு வைஃபையில் சேர்வதில்லை. ஆண்ட்ராய்டு 2019-இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்தும், ஐஃபோன் 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14-இலிருந்தும் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கின்றன. கடைத்தொகுதிகளில் நடந்து போகிறவர்களை மேக் முகவரியை வைத்தே யார் எத்தனை முறை வந்தார், எவ்வளவு நேரம் நின்றார் என்று கணக்கெடுக்க முடிந்ததால் வந்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். உங்கள் நோட்டில் அவனுடைய இரண்டாவது எண் 36 என்று ஆரம்பிக்கிறது. இடமிருந்து இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் அது நிறுவனம் கொடுத்த எண் இல்லை, மென்பொருள் தானாகப் போட்டது என்று அர்த்தம். நோட்டு முழுக்க ஒரு ஓட்டம் விட்டுப் பாருங்கள், இன்னும் இரண்டு மூன்று அகப்படும். மூன்றாவது எண், அவன் ஃபோனை ரீசெட் செய்த பிறகு வந்ததாக இருக்கலாம், அல்லது வைஃபை அமைப்பை மாற்றி மாற்றித் தட்டியிருப்பான். உங்கள் வைஃபைக்கு மட்டும் அந்தத் தனியுரிமை முகவரியை நிறுத்தி வைக்கும்படி அவனிடம் சொல்லலாம், வீட்டுக்குள் அதனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் பட்டியலையே எடுத்துவிடப் போகிறோம் என்றால் அவனை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்?

எஸ்பிரெசிஃப், ஆளும் இல்லை திருடனும் இல்லை. விலை குறைந்த ஸ்மார்ட் பிளக், பல்பு, சுவிட்ச் மாதிரி சாமான்களில் போடுகிற வைஃபை சிப்பைச் செய்கிற சீன நிறுவனத்தின் பெயர். முகவரியின் முதல் பாதியைப் பார்த்து ரவுட்டர் அந்தப் பெயரைக் காட்டுகிறது. உங்கள் வீட்டுச் சாமி மேடை விளக்கையோ தண்ணீர் மோட்டாரையோ ஃபோனிலிருந்து போடுகிற பிளக் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கழற்றுங்கள், கொஞ்ச நேரத்தில் பட்டியலில் அந்தக் கருவி துண்டிக்கப்பட்டதாகக் காட்டும், "ஆள் யார்" கட்டத்தை நிரப்பிவிடலாம். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் அது அங்கேயே இருந்தால்தான் யோசிக்க வேண்டும். இன்னொன்றும் யோசிக்க வேண்டியது: பட்டியல் போட்ட அன்று ரவுட்டரில் இணைந்திருந்த எல்லாக் கருவியையும் அப்படியே எழுதி அனுமதித்திருக்கலாம். அன்றைக்கே வெளியாள் யாராவது உள்ளே இருந்திருந்தால், அவருக்கும் நீங்களே பேர் போட்டுக் கொடுத்திருப்பீர்கள்.

இரவில் லைன் மெதுவாவதற்குத் திருட்டுதான் காரணம் என்று சொல்ல முடியாது. வரிசை வீடு, சுவருக்குச் சுவர் ஒரு ரவுட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான், ஏழு மணிக்கு மேல் தாமான் முழுக்க நாடகமும் யூடியூப்பும் ஓடும்போது நெரிசல் இருக்கத்தான் செய்யும். டிவியையும் நீங்கள் அதிகம் பார்க்கிற ஃபோனையும் 5 கிகாஹெர்ட்ஸில் சேர்த்துப் பாருங்கள். அதிலும் மெதுவாகவே இருந்தால் அப்புறம் வேறு காரணம் தேடலாம்.

சாட்சி விஷயத்தில் நோட்டை நம்ப வேண்டாம். மேக் முகவரி உங்கள் ரவுட்டரோடு நின்றுவிடும், அதைத் தாண்டி இணையத்துக்குள் போவதில்லை. வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு உங்கள் வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே ஐ.பி. முகவரியில், உங்கள் பெயரில் உள்ள லைனாகத்தான் தெரியும். வேறொருவர் உங்கள் வைஃபையில் உட்கார்ந்து யாரையாவது திட்டி எழுதினாலோ, ஏமாற்று வேலை செய்தாலோ முதலில் கேள்வி வருவது உங்களிடம்தான். அப்போது "இந்த எண் எங்களுடையது இல்லை" என்று நோட்டைக் காட்டினாலும், எண்ணை யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அதற்கு எடை குறைவு. அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவது 1997-ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம் என்பது வேறு விஷயம். சட்டம் நம் பக்கம் இருந்தாலும் ஆபீஸ் ஆபீஸாக அலைவது நாம்தானே.

பட்டியலால் ஒரு பயனும் இல்லை என்று சொல்ல மாட்டேன். பாஸ்வர்டைப் பேரனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு சும்மா சேர்ந்து பார்க்கிற பக்கத்துத் தெருப் பையனை அது தடுக்கும், அவன் ஒரு வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளும்வரை. அதற்காக, விருந்தாளி வருகிற ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைத் தேடி எடுத்து, ரவுட்டருக்குள் போய், பன்னிரண்டு எழுத்தைத் தட்ட வேண்டுமா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. என்னைக் கேட்டால் வேண்டாம். வைஃபை பெயரை மறைத்து வைப்பதும் இதே ரகம்தான், அந்தப் பெயரைத் தெரிந்த ஃபோன்கள் தேடும்போது அவையே அதைக் காற்றில் கூப்பிட்டுக்கொண்டு திரியும். நோட்டை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். வீட்டில் என்னென்ன கருவி இணைந்திருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது, பிரின்டருக்கு நிலையான முகவரி ஒதுக்கும்போதும் அந்த எண் வேண்டும்.

செய்ய வேண்டிய வேலை ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். சனிக்கிழமை பேரன் வந்த பிறகு உட்காருங்கள், ஏனென்றால் பாஸ்வர்டை மாற்றியதும் டிவி, கேமரா, அந்த எஸ்பிரெசிஃப் பிளக் எல்லாவற்றிலும் புதிதாகப் போட வேண்டும், பிளக்கில் போடுவதுதான் கொஞ்சம் வம்பு பிடித்த வேலை. ரவுட்டருக்குள் நுழைகிற நிர்வாகப் பக்கத்துக்குத் தனி பாஸ்வர்ட் உண்டு, அது வந்தபடியே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அடுத்து டபிள்யூ.பி.எஸ். என்று ஒன்று இருக்கும், அதை நிறுத்துங்கள். எட்டு இலக்க எண்ணைப் போட்டால் பாஸ்வர்ட் இல்லாமலே சேர விடுகிற வசதி அது. அந்த எட்டையும் ரவுட்டர் இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம், அதனால் அதிகம் போனால் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளியே வந்துவிட்டது. பாஸ்வர்டை எவ்வளவு நீளமாக வைத்தாலும் இந்த வழி திறந்திருந்தால் வீண்தான். ரவுட்டருக்குப் புது மென்பொருள் வந்திருந்தால் அதையும் ஏற்றிவிடுங்கள்.

அப்புறம் விருந்தினர் வைஃபை. இப்போதைய ரவுட்டர்களில் பெரும்பாலும் இருக்கும். அதைத் தனிப் பெயரில், தனி பாஸ்வர்டில் போட்டு, தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் வருகிற சொந்தக்காரர்களுக்கு அதை மட்டும் கொடுங்கள். அதில் சேர்கிறவர்களுக்கு இணையம் கிடைக்கும், உங்கள் கணினியும் கேமராவும் இருக்கிற பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. கூட்டம் கிளம்பிப் போனதும் பாஸ்வர்டை மாற்றினால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஸ்மார்ட் பிளக்கையும் அதிலேயே விட்டுவிடலாம், பாஸ்வர்டை மாற்றுகிற தடவை பிளக்கிலும் புதிதாகப் போட வேண்டும், அவ்வளவுதான். மலிவுச் சாமான்களுக்கு மென்பொருள் திருத்தம் பல சமயம் வருவதே இல்லை, அவை வீட்டுக் கணினியோடு ஒரே வைஃபையில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஒன்று மட்டும், ஐயா. ஏதாவது குழம்பிவிட்டால் பேரன் அவசரப்பட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு ரீசெட் செய்துவிடப் போகிறான். வைஃபை அமைப்போடு சேர்த்து, இணைய நிறுவனம் உங்கள் லைனுக்குக் கொடுத்த பயனர் பெயரும் பாஸ்வர்டும் அதில் அழிந்துவிடலாம், அது இல்லாமல் லைன் வராது. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அந்த இரண்டும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு அப்புறம் உட்காருங்கள்.